மர எண்ணெயை எரிபொருளாக்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

மரத்தூள், இழைப்புளிச் சீவல், ஒடித்த கிளை மாதிரியான கழிவை ஆக்சிஜன் படாமல் 500 டிகிரி செல்சியஸ் வாக்கில் சட்டென்று சூடாக்கி, கிளம்புகிற ஆவியை இரண்டு வினாடிக்குள் குளிரவைத்தால் ஒரு கரும்பழுப்புத் திரவம் கிடைக்கும். அதைத்தான் இங்கே மர எண்ணெய் என்கிறேன். டீசலோடு கலக்காது. எடையில் கால் பங்கு தண்ணீர், அந்தத் தண்ணீரைக் கழித்துப் பார்த்தாலும் 35 முதல் 40% வரை ஆக்சிஜன், பிஎச் 2 முதல் 3, கிலோவுக்கு 16 முதல் 19 மெகாஜூல் வெப்பம். உலை எண்ணெயோடு ஒப்பிட்டால் பாதிகூட இல்லை. இதிலிருந்து ஆக்சிஜனை வெளியேற்றி ஒழுங்கான எரிபொருளாக்கத்தான் வினையூக்கி. வழி இரண்டு: எண்ணெயை அழுத்த ஹைட்ரஜனோடு வினையூக்கி நிரப்பிய படுக்கை வழியாக விடுவது, இல்லையென்றால் ஹைட்ரஜன் இல்லாமல் ஆவியையே ஜியோலைட் என்கிற நுண்துளை நிறைந்த அமில வினையூக்கி வழியாக விடுவது.

ஆய்வகத்தில் சிறிய ரியாக்டர் வைத்து வேலை செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏதாவது கெட்டுப்போனால் எல்லோரும் முதலில் வினையூக்கியைத்தான் சந்தேகிக்கிறார்கள், புது பாட்டில் வாங்குகிறார்கள், அதுவும் அதேபோல் செத்துப்போகிறது. என் அனுபவத்தில் வினையூக்கியில் தெரிகிற நோய்க்குப் பெரும்பாலும் வேர் அதற்கு முன்னாலேயே இருக்கிறது: மரத்தில், உலர்த்தியதில், கரியைப் பிரித்ததில், எண்ணெயைச் சேமித்து வைத்ததில். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் முதலில் பின்னோக்கிப் பார்த்துவிட்டு அப்புறம்தான் வினையூக்கியிடம் வருவோம்.

ஆரம்பிக்கும் முன் ஒரு எச்சரிக்கை. இந்த வேலையில் அழுத்த ஹைட்ரஜன் இருக்கிறது, கார்பன் மோனாக்சைடு வருகிறது. புகைபோக்கியும் வாயு அலாரமும் அழுத்தம் விடும் வால்வும் இல்லாத இடத்தில் இதைச் செய்யாதீர்கள். வீட்டுக் கொல்லையில் செய்து பார்க்கிற வேலை இல்லை இது.

பாட்டிலில் எண்ணெய் இரண்டு அடுக்காகப் பிரிந்து நிற்கிறது

மேலே தண்ணீர் மாதிரி ஓர் அடுக்கு, கீழே தார் மாதிரி இன்னொன்று. மொத்த நீரளவு ஏறத்தாழ 30% தாண்டும்போது இது நடக்க ஆரம்பிக்கும். லிக்னினிலிருந்து (மர இழைகளை ஒட்டிவைத்திருக்கும் பொருள்) வந்த கனமான மூலக்கூறுகள் அவ்வளவு தண்ணீரில் கரைந்து நிற்க முடியாமல் அடியில் இறங்கிவிடுகின்றன.

முதல் சந்தேகம் மரத்தூளின் ஈரம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிராம் தூளில் 20% ஈரம் இருந்தால் உலர்ந்த மரம் 80 கிராம். அதில் 55% கரிமப் பொருளாகவும் 11% வினையில் உண்டாகும் நீராகவும் மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், 44 கிராம் கரிமப் பொருள், 9 கிராம் வினை நீர், கூடவே பழைய ஈரம் 20 கிராம். திரவத்தில் 40% தண்ணீர்! அதே தூளை 8% ஈரத்துக்கு உலர்த்தி ஓட்டினால் 26% வருகிறது. வெயிலில் காயவைத்த தூள் கையில் உலர்ந்தது போலத்தான் இருக்கும், அதை நம்ப வேண்டாம். 105 டிகிரி அடுப்பில் எடை மாறாமல் நிற்கும்வரை வைத்து ஈரத்தை அளந்துவிடுங்கள். 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் ரியாக்டருக்குள் போகலாம்.

ஈரம் சரியாக இருந்தும் பிரிகிறதா? அப்போது சாம்பலைப் பாருங்கள். பட்டை நீக்கிய நல்ல மரத்தில் சாம்பல் அரை சதவீதத்துக்கும் கீழே இருக்கும், பட்டையிலும் இலையிலும் அதைவிடப் பல மடங்கு அதிகம், அந்தச் சாம்பலில் பொட்டாசியம் இருக்கிறது. பொட்டாசியமே ஒரு வினையூக்கிதான், ஆனால் நமக்கு வேண்டாத வேலையைச் செய்கிற வினையூக்கி: செல்லுலோசை உடைத்து எண்ணெயாக்க விடாமல் தண்ணீராகவும் கரியாகவும் வாயுவாகவும் தள்ளிவிடும். சீமைக்கருவேலத்தையோ சவுக்கையோ பட்டை, கிளை நுனியோடு சேர்த்து அரைத்துவிட்டு "இந்த மரமே சரியில்லை" என்று சொல்வதில் நியாயமில்லை. பட்டையை உரியுங்கள். முடியாவிட்டால் தூளைத் தண்ணீரில் ஊறவைத்து வடித்து உலர்த்துங்கள், பொட்டாசியத்தில் பெரும்பகுதி நீரிலேயே கரைந்து போய்விடும். நீர்த்த அசிட்டிக் அமிலம் இன்னும் நன்றாக வேலை செய்யும், ஆனால் அதற்குப் பிறகு உலர்த்தும் செலவையும் நேரத்தையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

பிரிந்த எண்ணெயைக் குலுக்கிக் கலந்து ரியாக்டருக்குள் விடாதீர்கள். பம்ப் ஒரு நிமிடம் தண்ணீரையும் அடுத்த நிமிடம் தாரையும் தள்ளும், கிடைக்கிற எந்த எண்ணும் பொருள்படாது. இரண்டு அடுக்கையும் தனித்தனியாக எடை போட்டு, கார்ல் ஃபிஷர் முறையில் நீரை அளந்து, தனித்தனியாகவே பயன்படுத்துங்கள்.

போன மாதம் ஓடிய எண்ணெய் இப்போது கெட்டியாகிவிட்டது

எண்ணெய் பழசாகிவிட்டது, அவ்வளவுதான். உள்ளே இருக்கும் ஆல்டிஹைடுகளும் பீனால்களும் அமிலத்தின் உதவியோடு ஒன்றோடொன்று கைகோத்துப் பெரிய மூலக்கூறுகளாகிக்கொண்டே இருக்கும்; பேக்கலைட் பிசின் செய்கிற அதே வேதியியல். கூடவே தண்ணீரும் பிறக்கும், அதனால் கெட்டியாவதும் அடுக்கு பிரிவதும் பல நேரம் சேர்ந்தே வரும். மிதக்கும் நுண்கரியும் அதிலிருக்கும் உலோக உப்புகளும் இதை வேகப்படுத்தும்.

உங்கள் எண்ணெய் எவ்வளவு தாங்கும் என்று தெரிய மூடிய குப்பியில் 80 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து, முன்னும் பின்னும் பாகுநிலையை அளந்து பாருங்கள். சாதாரண அறை வெப்பத்தில் ஏறத்தாழ ஓராண்டு வைத்ததற்குச் சமம் என்று இத்துறையில் எடுத்துக்கொள்கிறார்கள். நம் ஊர் மே மாத வெயிலில், குளிர்சாதனம் இல்லாத அறையில் வைத்தால் அந்த ஓராண்டு இன்னும் சீக்கிரம் வந்துவிடும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள், ஆவி குளிரும் முன்பே சைக்ளோனோ (ஆவியைச் சுழலவிட்டுத் தூளைப் பிரிக்கும் கலம்) சூடான வடிகட்டியோ வைத்துக் கரியைப் பிடியுங்கள், 5 முதல் 10% மெத்தனால் கலந்தால் கெட்டியாகும் வேகம் வெகுவாகக் குறையும். மெத்தனால் கலந்தால் அதைக் குறித்து வைப்பது முக்கியம், இல்லாவிட்டால் பிறகு உங்கள் கார்பன் கணக்கு ஏன் ஒத்துவரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்வீர்கள். பாட்டிலை அடிக்கடி மெல்லத் திறந்து வாயுவை விடுங்கள், பழசாகும்போது கார்பன் டை ஆக்சைடு வரும். அப்புறம், கெட்டியான எண்ணெயைக் காய்ச்சி வடித்துச் சரிசெய்யலாம் என்று நினைக்கவே வேண்டாம். 250 டிகிரி தாண்டுவதற்குள் வடிவது நின்றுவிடும், மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை அடியில் உறைந்த எச்சமாகத் தங்கிவிடும்.

ரியாக்டர் நுழைவாயிலில் அழுத்தம் ஏறிக்கொண்டே போய் ஒரேயடியாக அடைத்துவிட்டது

ஹைட்ரஜன் ஏற்றுகிற ரியாக்டரில் பலரையும் விரட்டிவிடுகிற கோளாறு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மர எண்ணெயில் லெவோகுளுக்கோசன் மாதிரியான சர்க்கரைகளும் ஆல்டிஹைடுகளும் கீட்டோன்களும் ஏராளம். ஹைட்ரஜன் அவற்றைத் தொடும் முன்பே சூடு தொட்டுவிட்டால், வெல்லப்பாகு அடிப்பிடித்துக் கருகுவது போல அவை குழாயிலேயே கருகி ஒட்டிக்கொள்ளும். நேராக 350 டிகிரிக்கு மேல் வைத்த வினையூக்கிப் படுக்கைக்குள் பதப்படுத்தாத பச்சை எண்ணெயை விட்டால் படுக்கையின் மேல்பகுதி சில மணி நேரத்திலேயே கல்லாகிவிடும். வினையூக்கி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இதுதான் கதி, ஏனென்றால் அது வேலையை ஆரம்பிக்கவே வாய்ப்பு கிடைக்கவில்லை.

எந்தச் சேர்மம் எந்தச் சூட்டில் ஹைட்ரஜனுக்கு மசியும் என்பது தெரிந்தால் தீர்வு தானாகவே புரியும். ஆல்டிஹைடுகளும் கீட்டோன்களும் 150 முதல் 200 டிகிரியிலேயே ஆல்கஹாலாகிவிடும். கார்பாக்சிலிக் அமிலங்களுக்கும் மீத்தாக்சி தொகுதி உள்ள குவையக்கால்களுக்கும் 300 டிகிரி வாக்கில் வேண்டும். பீனால்களுக்கு 350 பக்கம். வளையங்கள் சேர்ந்த பியூரான் வகைகள் அதற்கும் மேலே போனால்தான் அசையும். இதை அடிப்படையாக வைத்து அமெரிக்காவின் பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகத்தில் டக்ளஸ் எலியட்டும் அவருடைய கூட்டாளிகளும் 1980களிலேயே இரண்டு கட்ட முறையைக் கொண்டுவந்தார்கள்: முதலில் குறைந்த சூட்டில் எண்ணெயை நிலைப்படுத்து, பிறகு அதிகச் சூட்டில் ஆக்சிஜனை எடு. இன்றைக்கும் அதுதான் அடித்தளம்.

நீங்கள் செய்ய வேண்டியது இப்படி. முதல் படுக்கையில் கார்பன் மேல் ஏற்றிய ருத்தீனியம், 140 முதல் 180 டிகிரி, ஹைட்ரஜன் அழுத்தம் 100 பார் வாக்கில். இரண்டாவது படுக்கையில் சல்பைடாக்கிய கோபால்ட்-மாலிப்டினமோ நிக்கல்-மாலிப்டினமோ, 350 முதல் 400 டிகிரி. இரண்டுக்கும் இடையே சூடு படிப்படியாக ஏற வேண்டும், திடீரென்று தாவக்கூடாது. முன்சூடாக்கும் குழாயைக் கவனியுங்கள்: அதில் வினையூக்கி இல்லை, ஆனால் சூடு இருக்கிறது, அதாவது அடைப்புக்குச் சொந்த வீடு. எண்ணெய் ஓடும் குழாயை 60 டிகிரிக்கு மேல் சூடாக்காமல், சூட்டை ஹைட்ரஜன் வழியாகவும் படுக்கைச் சுவர் வழியாகவும் கொடுங்கள்.

நிலைப்படுத்தியது போதுமா என்று எப்படித் தெரியும்? கார்பனைல் அளவைத் தைட்ரேஷனில் பாருங்கள். முதல் கட்டத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த எண்ணில் பெரிய வீழ்ச்சி இல்லையென்றால் இரண்டாவது கட்டத்தைத் தொடவே வேண்டாம். நிறத்தையோ மணத்தையோ வைத்து முடிவு செய்யாதீர்கள், இரண்டுமே ஏமாற்றும்.

ஏற்கெனவே அடைத்துவிட்டதா? குளிரவைத்து, நைட்ரஜன் விட்டு, படுக்கையை மொத்தமாகத் தட்டிக் கொட்டிவிடாமல் அடுக்கடுக்காக வெளியே எடுங்கள். அடைப்பு எந்த இடத்தில் என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. வினையூக்கி தொடங்கும் முன்பே கருப்பாகக் கண்ணாடி மாதிரி உடைகிற கட்டி என்றால் முன்சூடு அதிகம். முதல் படுக்கைக்கும் இரண்டாவதுக்கும் நடுவே என்றால் நிலைப்படுத்தல் போதவில்லை, அல்லது ருத்தீனியம் செத்துவிட்டது. மேல் அடுக்கில் மட்டும் செம்பழுப்போ கருப்போ ஆன தூள் படிந்திருந்தால் அது இரும்பாக இருக்கலாம், அதைப் பற்றி அடுத்தாற்போல் சொல்கிறேன்.

படுக்கையின் மேல் இரும்பு படிகிறது, பாத்திரம் அரிக்கிறது

பிஎச் 2.5 இருக்கிற திரவத்தைச் சாதாரண எஃகு டிரம்மில் வைத்தால் டிரம் கரைந்து எண்ணெயில் சேரும், அந்த இரும்பு ரியாக்டருக்கு வந்து படுக்கையின் தலையில் உட்காரும். அலுமினியமும் தாங்காது. சேமிக்க எச்டிபிஇ அல்லது பாலிபுரோப்பிலீன் கேன், சூடான பாகங்களுக்கு 316 வகைத் துருப்பிடிக்காத எஃகு. பம்பின் சீல்களையும் மறக்காதீர்கள், சில ரப்பர்கள் ஊதிப்போகும்.

316 கூட வெடிப்பு விடுகிறதென்றால் குளோரின் இருக்கிறதா பாருங்கள். இங்கேதான் கழிவு மரத்தின் பூர்வீகம் முக்கியமாகிறது. மரவாடியிலிருந்து வருகிற புதுத்தூள் வேறு, வீடு இடித்த இடத்திலிருந்து வருகிற பலகை வேறு. பெயின்ட், பிவிசி ஒட்டிய பலகை என்றால் குளோரின். எம்டிஎஃப், துகள்பலகை என்றால் யூரியா-பார்மால்டிஹைடு பசையின் நைட்ரஜன், அது அமோனியாவாகவும் அமீனாகவும் மாறி ஜியோலைட்டில் வினை நடக்கிற அமில இடங்களைப் பிடித்துக்கொள்ளும். தாமிரம், குரோமியம், ஆர்சனிக் கலந்த கரைசலில் பதப்படுத்திய பச்சை நிற மரம் என்றால் தொடவே வேண்டாம், வினையூக்கியைப் பற்றிய கவலையைவிட ஆர்சனிக் உங்கள் நுரையீரலுக்குப் போவது பெரிய கவலை. தூள் எங்கிருந்து வந்தது என்று கேட்டு எழுதி வைப்பதைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள், அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. மூன்று மாத வேலை ஒரு மூட்டை பிளைவுட் தூளால் வீணாகலாம்.

இசட்எஸ்எம்-5 முதலில் அழகாக வேலை செய்தது, பிறகு எண்ணெய் மறுபடி கருப்பாகிறது

ஹைட்ரஜன் இல்லாமல், ஆவி நிலையிலேயே ஜியோலைட் வழியாக விடுகிற முறை இது. இசட்எஸ்எம்-5 மோபில் நிறுவனத்தார் கண்டுபிடித்து 1972இல் காப்புரிமை பெற்ற ஜியோலைட். அதன் துளை ஏறத்தாழ 0.55 நானோமீட்டர், பென்சீன் வளையம் நுழைந்து வெளியேறுகிற அளவு. அதனால்தான் பென்சீன், டொலுயீன், சைலீன் என்று வளையமுள்ள அரோமேட்டிக்குகள் வருகின்றன. ஆக்சிஜன் நீராகவும் கார்பன் மோனாக்சைடாகவும் டை ஆக்சைடாகவும் போகிறது.

கருப்பாவதற்கு முன்பே வாயுவில் அறிகுறி தெரிந்துவிடும். அரோமேட்டிக்குகள் குறைந்து, பீனால்களும் மீத்தாக்சி பீனால்களும் தலைகாட்டினால் அமில இடங்கள் மூடிக்கொண்டு வருகின்றன என்று பொருள். அதற்குக் காரணம் இரண்டு, இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று கோக், அதாவது வினையூக்கியின் மேல் படிகிற கரி. இது தவிர்க்க முடியாதது. மரத்தின் ஹைட்ரஜனிலிருந்து ஆக்சிஜனுக்கு நீராகப் போக வேண்டியதைக் கழித்து, மீதியைக் கார்பனால் வகுத்துப் பாருங்கள்: குளுக்கோசுக்குச் சரியாகப் பூஜ்ஜியம் வருகிறது, மரத்துக்கும் அதையொட்டித்தான். இந்த விகிதம் ஒன்றுக்குக் கீழே இருக்கிற எதைக் கொடுத்தாலும் ஜியோலைட் சீக்கிரம் கரியேறும். ஹைட்ரஜன் பற்றாக்குறை அப்படி. பெட்ரோலிய ஆலைகளின் வினையூக்கிப் பிளப்பு அலகில் வினையூக்கி ஓயாமல் சுற்றிவந்து எரிந்து புதுப்பிக்கப்படுகிறதே, அந்த அமைப்பு இங்கேயும் தேவைப்படுவது இதனால்தான். நிலையான படுக்கையில் நீண்ட நேரம் ஓட்ட வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். குறுகிய ஓட்டம், எரிப்பு, மறுபடி ஓட்டம் என்று திட்டமிடுங்கள்.

எரிக்கும்போது அவசரம் கூடாது. நைட்ரஜனில் 1 முதல் 2% ஆக்சிஜன் என்று ஆரம்பித்து, மெதுவாகக் காற்றுக்கு மாறி, 550 டிகிரியைத் தாண்டாமல், வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு அடங்கும்வரை. ஒரேயடியாகக் காற்றைத் திறந்துவிட்டால் படுக்கை நடுவில் சூடு எகிறும். கோக் எரியும்போது நீராவியும் பிறக்கும், சூடும் நீராவியும் சேர்ந்தால் ஜியோலைட் கட்டமைப்பிலிருந்து அலுமினியம் வெளியேறிவிடும், அமில இடம் அப்புறம் திரும்பி வராது. படுக்கையின் மையத்தில் தெர்மோகப்பிள் இல்லையென்றால் இந்த வேலையைத் தொடங்காதீர்கள், சுவரில் காட்டுகிற எண் உங்களிடம் பொய் சொல்லும்.

இரண்டாவது காரணம் பொட்டாசியம். எரித்துப் புதுப்பித்த பிறகும் செயல்திறன் முழுதாகத் திரும்பவில்லை, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது என்றால் இதைத்தான் நினைக்க வேண்டும். கோக் எரியும், பொட்டாசியம் எரியாது. அமில இடத்தில் ஹைட்ரஜனின் நாற்காலியில் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும். ஆனால் நீராவி சேதமும் இதே மாதிரி தெரியும், ஆகையால் சோதித்துப் பிரியுங்கள்: வினையூக்கியில் கொஞ்சம் எடுத்து அம்மோனியம் நைட்ரேட் கரைசலில் அயனி மாற்றம் செய்து, கழுவி, உலர்த்தி, 550 டிகிரியில் சுட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். திறன் திரும்பினால் குற்றவாளி பொட்டாசியம். திரும்பாவிட்டால் அலுமினியம் போய்விட்டது, புதிது போடத்தான் வேண்டும். அமோனியாவை ஏற்றி இறக்கி அமில இடங்களை எண்ணும் கருவி இருந்தால் இன்னும் தெளிவாகும்.

பொட்டாசியம் என்று தெரிந்தால் மரத்தையும் வினையூக்கியையும் ஒரே பாத்திரத்தில் கலந்து ஓட்டுவதை நிறுத்துங்கள். மரம் ஒரு பாத்திரத்தில் சிதையட்டும், கரி சைக்ளோனிலும் வடிகட்டியிலும் நிற்கட்டும், ஆவி மட்டும் தனிப் படுக்கைக்குப் போகட்டும். விளைச்சல் கொஞ்சம் குறையலாம், ஆனால் வினையூக்கியின் ஆயுள் கூடும். அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் கோல்டன் நகரில் இந்தத் தனிப் படுக்கை முறையில், டைட்டானியா மேல் பிளாட்டினம் வைத்து, குறைந்த அழுத்த ஹைட்ரஜனோடு நல்ல வேலை செய்திருக்கிறது. பிளாட்டினம் விலையைப் பார்த்து மிரள வேண்டாம், அதிக நாள் உழைத்தால் கணக்கு மாறும்.

சல்பைடு வினையூக்கி மெல்ல மெல்லச் சோம்பலாகிறது

அடைப்பில்லை, அழுத்தம் சரி, ஆனால் எண்ணெயில் மிச்ச ஆக்சிஜன் வாராவாரம் ஏறுகிறது. கோபால்ட்-மாலிப்டினமும் நிக்கல்-மாலிப்டினமும் பெட்ரோலியத்துக்காகப் பிறந்தவை, அங்கே எண்ணெயிலேயே கந்தகம் இருக்கும், சல்பைடு நிலை தானாக நிலைக்கும். மரத்தில் கந்தகம் மிகக் குறைவு. தண்ணீரும் ஆக்சிஜனும் கந்தகத்தைப் பிடுங்கிக்கொண்டே போகும், திருப்பிக் கொடுக்க ஆளில்லை. டைமெத்தில் டைசல்பைடு என்கிற கந்தகச் சேர்மம் கொஞ்சம் சேர்த்து ஊட்டினால் சரியாகும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. முதல் படுக்கையில் ருத்தீனியமோ நிக்கல் உலோகமோ இருந்தால் அதே கந்தகம் அவற்றுக்கு விஷம். எனவே கந்தகத்தை முதல் படுக்கைக்குப் பிறகு ஊட்ட வேண்டும், வெளியே வரும் ஹைட்ரஜனை மறுசுழற்சி செய்வதென்றால் ஹைட்ரஜன் சல்பைடைக் கழுவிவிட்டுத்தான் முன்னால் அனுப்ப வேண்டும்.

கந்தகம் கொடுத்தும் எழுந்திருக்கவில்லையா, தாங்கியை, அதாவது உலோகத்தை ஏற்றியிருக்கும் அடிப்பொருளைப் பாருங்கள். காமா அலுமினா சூடான தண்ணீரில் போமைட் என்கிற நீர்சேர்ந்த வடிவமாக மாறிவிடும், பரப்பு சுருங்கும், மணிகள் நசுங்கித் தூளாகும். எக்ஸ்ரே விளிம்பு விலகலில் போமைட் கோடுகள் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். கார்பன், டைட்டானியா, சிர்க்கோனியா தாங்கிகள் இந்த ஈரத்தைத் தாங்குகின்றன.

ஹைட்ரஜன் கணக்கில்லாமல் செலவாகிறது, வாயுவில் மீத்தேன்

முதலில் எவ்வளவு செலவாக வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். நீர் நீக்கிய 100 கிராம் எண்ணெயில் 37 கிராம் ஆக்சிஜன் இருந்து எல்லாமே நீராகப் போனால் 4.6 கிராம் ஹைட்ரஜன், திட்ட நிலையில் ஏறத்தாழ 52 லிட்டர் ஆகும். இதைவிடக் கொஞ்சம் கூடுதல் என்றால் வளையங்கள் நிரம்புகின்றன, டொலுயீன் வர வேண்டிய இடத்தில் மெத்தில் சைக்ளோஹெக்சேன் வருகிறது. பெட்ரோலுக்கு அது தேவையில்லாத செலவு, விமான எரிபொருளுக்கு அது விரும்பத்தக்கது. ரொம்பக் கூடுதல், கூடவே மீத்தேன் என்றால் ருத்தீனியம் அதிகச் சூட்டில் கார்பன் சங்கிலியையே வெட்டித் தின்கிறது. முதல் படுக்கையில் எங்கோ சூட்டுப் புள்ளி இருக்கிறது. இந்த வினைகள் சூட்டை வெளிவிடுபவை, ஒரு இடத்தில் ஏறினால் அது தன்னைத்தானே ஏற்றிக்கொள்ளும். படுக்கையை சிலிக்கன் கார்பைடு தூளோடு கலந்து நீர்க்கச் செய்யுங்கள், எண்ணெய் வேகத்தைக் குறையுங்கள், படுக்கை நெடுக மூன்று நான்கு இடங்களில் சூட்டை அளங்கள்.

வெளியே வந்த எண்ணெய் தண்ணீரிலிருந்து பிரியவே இல்லை

இதைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். பச்சை மர எண்ணெயின் அடர்த்தி 1.2, தண்ணீரில் மூழ்கும். நன்றாக ஆக்சிஜன் நீங்கியது 0.8 முதல் 0.9, மிதக்கும். பாதி வேலை மட்டும் நடந்த எண்ணெய் நடுவில் எங்கோ, தண்ணீரின் அடர்த்திக்கே பக்கத்தில் நிற்கும், அதனால் மூழ்கவும் முடியாமல் மிதக்கவும் முடியாமல் பால் மாதிரி கலங்கி நிற்கும். ஆகவே பிரியாத கலங்கல் என்பது "ஆக்சிஜன் இன்னும் இருக்கிறது" என்ற செய்தி. இரண்டாவது கட்டத்தின் சூட்டைப் படிப்படியாக ஏற்றுங்கள் அல்லது எண்ணெய் வேகத்தைக் குறையுங்கள். இந்த ஓட்டத்து எண்ணெயை மட்டும் காப்பாற்ற வேண்டுமென்றால் மையவிலக்குச் சுழற்சியோ மெல்லிய சூடோ போதும்.

எண்ணெய் மிதக்கிறது, தெளிவாக இருக்கிறது, ஆனால் அமில எண் இறங்கவில்லை என்றால் அது அசிட்டிக் அமிலத்தின் பிடிவாதம். மேலே சொன்ன வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள், 300 டிகிரிக்குக் கீழே அது அசையாது. காரம் போட்டுக் கழுவலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள். பீனால்களும் கூடவே போய்விடும், சோடியம் எண்ணெயில் தங்கி அடுத்த வினையூக்கியைக் கெடுக்கும்.

எண்ணெய் நன்றாக இருக்கிறது, ஆனால் அளவு மிகக் குறைவு (அல்லது நம்ப முடியாத அளவு அதிகம்)

25% தண்ணீர் உள்ள 100 கிராம் மர எண்ணெயில் கரிமப் பொருள் 75 கிராம். அதில் 37% ஆக்சிஜன் முழுதும் போனால் மிச்சம் 47 கிராம், சேர்ந்த ஹைட்ரஜனையும் கணக்கில் எடுத்தால் ஒன்றிரண்டு கிராம் கூடும். ஆக்சிஜன் இல்லாத எண்ணெய் 60% கிடைத்தது என்று உங்கள் குறிப்பேடு சொன்னால், தண்ணீரையோ கரைப்பானையோ சேர்த்து எடை போட்டிருக்கிறீர்கள். 30 வந்தால் மீதி எங்கே என்று வாயுவிலும் கோக்கிலும் நீர் அடுக்கில் கரைந்த கார்பனிலும் தேடுங்கள். நீர் அடுக்கை யாரும் அளப்பதில்லை, அங்கேதான் நிறைய ஒளிந்திருக்கும்.

ஜியோலைட் வழியில் எண்ணிக்கை இன்னும் இறங்கும், மரத்தின் கார்பனில் கால் பங்கு அரோமேட்டிக்காக வந்தாலே நல்ல முடிவு. இந்த உண்மையைத் தொழில் அளவில் மறந்தால் விலை அதிகம். மிசிசிப்பி மாநிலம் கொலம்பஸில் பைன் மரத்தை வினையூக்கியோடு சிதைத்துப் பெட்ரோலும் டீசலும் செய்யக் கியோர் நிறுவனம் கட்டிய ஆலை 2013இல் சரக்கு அனுப்ப ஆரம்பித்தது, 2014 நவம்பரில் நிறுவனம் திவால் மனு போட்டது. எதிர்பார்த்த விளைச்சல் வராதது அதில் பெரிய காரணம்.

ஆக்சிஜன் முழுவதையும் நாமே எடுத்துத்தான் தீர வேண்டும் என்றும் இல்லை. நெதர்லாந்தின் ஹெங்கலோவில் எம்பைரோ ஆலை 2015இல் பச்சை மர எண்ணெய் செய்ய ஆரம்பித்தது, அது பால் பண்ணை ஆலையில் நீராவிக் கொதிகலனை எரிக்கப் போனது, வினையூக்கி எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஸ்வீடனின் ஈவ்லே பக்கத்தில் பைரோசெல் நிறுவனம் 2021இல் மரத்தூளை எண்ணெயாக்கி லீசேக்கில் சுத்திகரிப்பு ஆலைக்கு அனுப்ப ஆரம்பித்தது, அங்கே அதைப் பெட்ரோலிய எண்ணெயோடு சேர்த்துப் பிளந்தார்கள். உங்கள் எண்ணெயை அப்படிப் பெட்ரோலியத்தோடு கலந்து ஓட்டிப் பார்க்கும் எண்ணம் இருந்தால் சில சதவீதத்தில் ஆரம்பியுங்கள், கலக்கும் முன் பொட்டாசியம், சோடியம், குளோரின், மிதக்கும் கரி நான்கையும் அளந்துவிடுங்கள், எண்ணெயைத் தனிக் குழாய் முனை வழியாக உள்ளே விடுங்கள். இரண்டும் தொட்டிக்குள் ஒன்றோடொன்று கலக்காது, பெட்ரோலிய எண்ணெயின் சூட்டுக்கு மர எண்ணெயை முன்கூட்டியே கொண்டுபோனால் மறுபடியும் அந்த முன்சூடு அடைப்புதான்.